ஒரே ஒரு போன வெச்சு பிரைமரி பசங்களுக்கு ஏஆர்ல கணக்கு சொல்லித்தர்றது எப்படி

நீங்க ஸ்கூல் டீச்சரா இருக்கலாம், இல்லம் தேடிக் கல்வில வாலண்டியரா இருந்தவங்களா இருக்கலாம், இல்ல எங்கள மாதிரி தண்டையார்பேட்டை பக்கம் சாயங்காலம் தெருப் பசங்கள உக்கார வெச்சு பாடம் சொல்லித்தர்றவங்களா இருக்கலாம். கையில ஓரளவு நல்ல போன் ஒண்ணு இருந்தா போதும், இந்த வாரமே ஆரம்பிச்சுடலாம். லேப் வேணாம், தலையில மாட்ற கண்ணாடி வேணாம், ஆளுக்கொரு டேப்லெட் வேணவே வேணாம்.

ஏஆர்னா (ஆக்மென்டட் ரியாலிட்டி) ஒண்ணும் இல்ல, போன் கேமரால தெரியற நெஜ எடத்து மேலயே, அங்க இல்லாத ஒரு பொருள நிக்க வெச்சுக் காட்றது. 2016ல போக்கிமான் கோ வந்தப்ப ஊரே போன நீட்டிக்கிட்டு அலைஞ்சுச்சே, அதே சங்கதிதான். போன் ரெண்டு வேல பண்ணுது. ஒண்ணு, கேமரால தெரியற தரையில சின்னச் சின்ன புள்ளி, கோடு, மூலை இதையெல்லாம் அடையாளம் புடிச்சு வெச்சுக்குது. ரெண்டாவது, உள்ள இருக்கற சென்சார வெச்சு போன் எந்தப் பக்கம் திரும்புது, எவ்ளோ நகருதுன்னு பாத்துக்குது. ரெண்டையும் சேத்து கணக்குப் போட்டு, நீங்க நடந்தாலும் அந்தப் பொருள் தரையில அதே எடத்துல நிக்கற மாதிரி காட்டுது. இது மொதமொதல்ல விளையாட்டுக்காக வந்ததும் இல்ல. 1990கள் ஆரம்பத்துல போயிங் விமானக் கம்பெனில வயர் கட்ற தொழிலாளிங்களுக்கு, எந்த வயர் எந்த வழியா போகணும்ங்கறத அவங்க வேல செய்யற பலகை மேலயே காட்டலாமேன்னு டாம் காடல், டேவிட் மிசெல்னு ரெண்டு பேர் யோசிச்சாங்க. கையால வேல செய்யறவனுக்கு கண்ணுக்கு ஒரு ஒத்தாசை, அவ்ளோதான். நாமளும் அதுக்குத்தான் எடுக்கப் போறோம்.

எதுவும் இறக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கங்க. கை மொதல்ல, போன் ரெண்டாவது, நோட்டு மூணாவது. தொட்டுப் பாக்க முடியற பொருள் கையில இருக்கறப்ப அதுக்கு ஏஆர் தேவையில்ல. பாதியில கை நின்னுபோற எடத்துல, ரொம்ப பெருசு, உள்ள என்ன இருக்குன்னு தெரியல, பிரிச்சுப் பாத்தாதான் புரியும்ங்கற எடத்துல மட்டும்தான் போன எடுக்கணும். குழந்தை மொதல்ல செஞ்சு பாத்து, அப்பறம் படமா பாத்து, அதுக்கப்பறம்தான் எண்ணும் குறியுமா புடிச்சுக்கும்னு ஜெரோம் புரூனர் 1960கள்லயே சொல்லிட்டாரு. நம்ம ஊர்ல 2022லேர்ந்து நடக்கற எண்ணும் எழுத்தும் வகுப்புலயும் செஞ்சு பாக்கறதுக்குத்தான் மொத எடம். அத மாத்தறதுக்கு நாம வரல.

மொத வேல: போன் தேறுமா பாருங்க

எல்லா போன்லயும் ஏஆர் ஓடாது. ஆண்ட்ராய்டுன்னா வெர்ஷன் 7ஓ அதுக்கு மேலயோ இருக்கணும், ஜைரோஸ்கோப்னு ஒரு சென்சார் இருக்கணும். கம்மி விலை போன்ல அந்த சென்சார் இல்லாமலே விட்டுடுவாங்க, அதனால நேத்து வாங்கின புது போன்ல ஓடாம அண்ணன் யூஸ் பண்ணி வெச்ச பழைய போன்ல ஓடும், அதுல ஆச்சரியப்படாதீங்க. ஐபோன்னா 6எஸ்லேர்ந்து மேல எல்லாத்துலயும் ஓடும். பிளே ஸ்டோர்ல 'கூகுள் பிளே சர்வீசஸ் ஃபார் ஏஆர்'னு ஒண்ணு இருக்கும் (தேடறப்ப இங்கிலீஷ்லயே டைப் பண்ணுங்க). அது இன்ஸ்டால் ஆச்சுன்னா உங்க போன் பாஸ். ஆகலன்னாலும் விட்றாதீங்க, அதுக்கு வேற ஒரு வழி கீழ சொல்றேன்.

அடுத்து ஜியோஜீப்ரா த்ரீ டி கால்குலேட்டர் இறக்குங்க. காசு கெடையாது. 2001ல ஆஸ்திரியால மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, பெரிய கிளாஸ் புக்கு கணக்குல ஜியோஜீப்ரா வருதுல்ல, அதே குடும்பம்தான். அதுல ஒரு உருவத்த வரைஞ்சுட்டு ஏஆர் பட்டன அமுக்கி, போன தரையப் பாத்து மெதுவா அசைச்சு, தரை புடிபட்டதும் ஒரு தட்டு தட்டினா உருவம் அங்க வந்து நிக்கும். அந்த பட்டனே வரலன்னா போனுக்கு சப்போர்ட் இல்லன்னு அர்த்தம். கிளாஸ் எடுக்கறதுக்கு முந்தின நாள் வீட்ல ஏர்பிளேன் மோட்ல போட்டு ஒருதடவ முழுசா ஓட்டிப் பாத்துடுங்க, ஏன்னா சாயங்காலம் நம்ம ஏரியால நெட் எப்படி இழுக்கும்னு உங்களுக்கே தெரியும், நாப்பது கண்ணு உங்களையே பாத்துக்கிட்டு இருக்கறப்ப அந்த சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னா கிளாஸ் அதோட போச்சு.

தரைய சரி பண்ணுங்க

இதத்தான் யாரும் சொல்லித்தர மாட்டாங்க. புதுசா ஏஆர் எடுக்கறவங்க முக்காவாசி பேர் மாட்டிக்கறது இங்கதான். வழவழன்னு ஒரே கலர்ல இருக்கற டைல்ஸ், வெள்ளை டேபிள், செவப்பு சிமெண்ட் தரை, இதுல கேமராவுக்கு அடையாளம் புடிக்க ஒரு புள்ளிகூட கெடைக்காது. உருவம் வராது, வந்தாலும் வழுக்கிக்கிட்டு பெஞ்சுக்கு அடியில போயிடும். நாலு பேப்பர விரிச்சு வெச்சா வேல நடக்கும். அதவிட நல்லது தரையில ஒரு புள்ளிக் கோலம். இருண்ட தரை, வெள்ளைக் கோடு, நெறைய வளைவு, நெறைய சந்திப்பு, கேமராவுக்கு இதவிட என்ன வேணும்? சாக்பீஸ்லயே போடலாம். பசங்களையே போட விட்டுடுங்க, புள்ளி எண்றதுலயே ஒரு கணக்கு வந்துடும், அஞ்சு வரிசை அஞ்சு புள்ளின்னா மொத்தம் எத்தனன்னு கேட்டுக்கிட்டே வேலைய முடிச்சுடலாம்.

வெளிச்சம் தலைக்கு மேலேர்ந்து வரட்டும். ஜன்னலப் பாத்து போன புடிச்சா தரை கருப்பாயிடும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நில்லுங்க. ஏஆர் பேட்டரிய குடிக்கும், ஏப்ரல் மாசத்துல போன் சூடாகி தானே மங்கிடும், அதனால பத்து நிமிஷத்துக்கு மேல தொடர்ச்சியா ஓட்டாதீங்க, பவர் பேங்க் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

மொத பாடம்: கனச்சதுரம்

இதுலேர்ந்தே ஆரம்பிங்க, இத விட சுலபமான, இத விட பசங்க வாய தொறக்கற பாடம் ஏஆர்ல இல்ல.

போர்டுல ஒரு கனச்சதுரம் வரைங்க, மூணாவது நாலாவது பசங்கள எத்தன முகம் இருக்குன்னு கேளுங்க. மூணுன்னு சொல்லும் சில புள்ளைங்க. நீங்க ஆறுன்னு சொல்லி மனப்பாடம் பண்ண வெச்சுட்டா அதுங்களும் ஆறுன்னு சொல்லிடும், ஆனா படத்துல கண்ணுக்குத் தெரியறது மூணுதானே, அது சொன்னதுல என்ன தப்பு? அந்தப் புள்ளை படத்த நேர்மையா பாத்திருக்கு. அதனால தப்புன்னு சொல்லாதீங்க. மொதல்ல கைக்கு ஒரு பொருளக் குடுங்க, தாயக்கட்டை இல்ல, நம்ம ஊர் தாயக்கட்டை நீளமா இருக்கும், லூடோல வர்ற பகடை குடுங்க. தடவிப் பாக்கட்டும். அப்பறம் கீழ வெச்சுட்டு கேளுங்க: "இதே கட்டை உன் இடுப்பு ஒசரத்துக்கு வளந்து இந்தக் கோலத்து மேல நின்னா, நீ நிக்கற எடத்துலேர்ந்து எத்தன முகம் தெரியும்? தெரியாதது எத்தன?" பதில ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதணும். எழுதாம போன எடுக்கவே கூடாது. இந்த ஒண்ண விட்டுட்டீங்கன்னா மிச்சம் எல்லாம் வேடிக்கையா போயிடும், பாத்தாங்க, சிரிச்சாங்க, போனாங்கன்னு.

இப்ப ஜியோஜீப்ரால க்யூப் டூல எடுத்து ரெண்டு எடத்துல தட்டினா கனச்சதுரம் வந்துடும். ஏஆர அமுக்கி கோலத்து நடுவுல நிக்க வெச்சு, ரெண்டு விரலால இழுத்து புள்ளைங்க இடுப்பு ஒசரத்துக்கு பெருசாக்குங்க. விரலால திருப்பிக் காட்டாதீங்க! நாம திருப்பினா அது இன்னொரு வீடியோதான். போன ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு அந்தப் புள்ளையே சுத்தி நடக்கணும். எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு பாதி சுத்து போனதும் நின்னு, "அக்கா, அந்தாண்ட இன்னொண்ணு கீது!"ன்னு கத்துனா, அப்பறம் குனிஞ்சு அடியில பாக்கப் பாத்தா, தரைக்கு அடியில எப்படிப் போறதுன்னு அவளுக்கே ஒரு கேள்வி. அடியில ஒண்ணு இருக்குமா இருக்காதான்னு அங்கயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பகடைய எடுத்துக் குடுத்தேன், திருப்பிப் பாத்து அதுங்களே தீத்துக்கிச்சுங்க. பாத்தீங்களா, போன் கேள்விய கெளப்புச்சு, பதில் கைலேர்ந்து வந்துச்சு. இப்படி நடந்தா உங்க கிளாஸ் சரியான வழியில போகுதுன்னு அர்த்தம்.

அடுத்து விளிம்பு, முனை. ஒருத்தன் போன்ல பாத்துக்கிட்டே நடக்க, இன்னொருத்தன் கூடவே எண்ண, மூணாவது ஆள் எழுத. ஆறு முகம், பன்னெண்டு விளிம்பு, எட்டு முனை. எண்றப்ப எங்க ஆரம்பிச்சோம்னு மறந்துடுவாங்க, அதனால மேல நாலு, கீழ நாலு, நிக்கறது நாலுன்னு பிரிச்சு எண்ணச் சொல்லிக் குடுங்க. கைய கட்டைக்கு முன்னாடி நீட்டினாலும் கட்டை கைக்கு மேலதான் தெரியும், ஏன்னா சாதா போனுக்கு கை முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு தெரியாது. பசங்க கண்டிப்பா கேப்பாங்க, இதே பதில சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க.

உருளைக்கு கேரம் காயின விட நல்ல பொருள் நம்ம பக்கம் இல்ல. நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா 2024ல உலகக் கேரம் போட்டில மூணு தங்கம் வாங்கினதுக்கு அப்பறம் எந்தத் தெருவுக்குப் போனாலும் போர்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஒரு காயின் தட்டையா இருக்கு, வட்டம்னு சொல்லுவாங்க. பத்து காயின அடுக்கி, இப்ப என்னன்னு கேளுங்க. அப்பறம் ஏஆர்ல ஒசரமான உருளைய நிக்க வெச்சு சுத்தி நடக்க விட்டா, மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம், நடுவுல மூலையே இல்லாம ஓடற வளைவு. கனச்செவ்வகத்துக்கு எண்ணூர் ரோட்ல வரிசையா நிக்கற கண்டெய்னர் லாரி போதும், 20 அடி ஒண்ணு, 40 அடி ஒண்ணு. தெனமும் பாக்கற பொருள்ங்கறதால சட்டுனு புடிச்சுக்குவாங்க.

ரெண்டாவது பாடம்: பொட்டிய பிரிக்கறது

எனக்கு ஏஆர்ல ரொம்ப புடிச்ச பாடம் இது. மொதல்ல ஆளுக்கொரு காலி அட்டைப் பொட்டி கொண்டாரச் சொல்லுங்க, பேஸ்ட் பொட்டி, மாத்திரை பொட்டி எதுவா இருந்தாலும் சரி. விளிம்போரமா வெட்டிப் பிரிச்சு தரையில பரப்பணும். அப்பறம் கட்டம் போட்ட நோட்டுல ஆறு சதுரம் ஒட்டி ஒட்டி வரையச் சொல்லி, இத வெட்டி மடிச்சா மூடின பொட்டி வருமா வராதான்னு மொதல்லயே எழுத வைங்க.

ஜியோஜீப்ரால நெட்னு ஒரு டூல் இருக்கு (இன்டர்நெட் இல்ல, பிரிச்சுப் போட்ட விரிப்புக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு). அத எடுத்து கனச்சதுரத்து மேல தட்டினா அது விரிஞ்சு படுத்துக்கும், கூடவே ஒரு ஸ்லைடரும் வரும். ஸ்லைடர இழுத்தா பொட்டி மெதுவா தொறந்து தரையில படுக்கும், திரும்ப இழுத்தா எழுந்து மூடிக்கும். அட்டைல மடிக்கறப்ப கை மறைச்சுக்கும், எந்த முகம் எங்க போய் உக்காந்துச்சுன்னு தெரியாது. இங்க பாதி மடிப்புல நிறுத்தி வெச்சுட்டு, "இப்ப இந்த மடல் எந்தப் பக்கமா மாறும்?"னு கேக்கலாம். ஏஆர் தன் சம்பளத்துக்கு வேல செய்யற எடம்னா இதுதான்.

பெரிய பசங்களுக்கு, அஞ்சாவதுக்கு, ஒரு வேட்டை குடுங்க. கனச்சதுரமா மடியற விரிப்பு மொத்தம் 11தான், அதையும் திருப்பிப் போட்டு கவுத்துப் போட்டு வர்றத ஒண்ணாதான் எண்ணணும். எத்தனன்னு முன்னாடியே சொல்லாதீங்க. ஒரு வாரம் சுவத்துல ஒட்டிக்கிட்டே வரட்டும். அஞ்சு சதுரம் ஒரே வரிசைல வந்தா மடியாது, நாலு சதுரம் ரெண்டுக்கு ரெண்டா சேந்து உக்காந்தாலும் மடியாது. இத நீங்க சொல்லித்தராம பசங்க வாயாலயே வரவைங்க, பொறுமையா இருந்தா வரும்.

ஆயிரம் எப்படி இருக்கும்

ஒண்ணு, பத்து, நூறுக்கு குச்சி கட்டு, மணிச்சட்டம் எல்லாம் இருக்கு. ஆயிரத்துக்குத்தான் கஷ்டம். பத்துக்குப் பத்துக்குப் பத்து அடுக்கின பெரிய கட்டையோட படத்தக் காட்டி, சின்னக் கட்டை எத்தனன்னு கேட்டா 600னு சொல்ற புள்ளைங்க இருப்பாங்க. ஒரு முகத்துல நூறு, ஆறு முகம், அறுநூறு! கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு, உள்ள இருக்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியல, அதோட ஓரத்துல இருக்கறத ரெண்டு தடவ எண்ணிடுச்சு.

இதுக்கு நீங்க முந்தின நாள் கொஞ்சம் உக்காரணும். பத்துக்குப் பத்து சதுரம் ஒண்ணு போட்டு, எக்ஸ்ட்ரூட் டூல வெச்சு ஒரு அளவு ஒசரம் குடுத்தா ஒரு தட்டு ரெடி, அது நூறு. டிரான்ஸ்லேட் டூல் வெச்சு அதே தட்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணா, நடுவுல கொஞ்சம் கேப் விட்டு பத்து தட்டு அடுக்குங்க. சேவ் பண்ணி வெச்சுட்டா வருஷா வருஷம் ஓடும். கிளாஸ்ல அத நிக்க வெச்சா புள்ளைங்க பக்கவாட்டுல குனிஞ்சு தட்டுக்கு நடுவுல பாக்கும், ஒவ்வொரு தட்டா "நூறு, இருநூறு, முந்நூறு"ன்னு சத்தமா ஏறிக்கிட்டே போகட்டும். பக்கத்துலயே ஒரு சின்ன கனச்சதுரம், ஒண்ணுன்னு, நிக்க வைங்க. ஒண்ணுக்கும் ஆயிரத்துக்கும் எவ்ளோ தூரம்னு கண்ணால பாத்துட்டா, 1,000ங்கறது மூணு சைபர் போட்ட எண்ணா மட்டும் நிக்காது.

போன்ல சப்போர்ட் இல்லன்னா

பேப்பர்ல அடிச்ச மார்க்கர் வெச்சு ஓட்ற ஏஆர் இருக்கு. கருப்பு பார்டர் போட்ட சதுரத்துக்குள்ள ஒரு படம் இருக்கும், கேமரா அதப் பாத்ததும் அது மேல உருவம் நிக்கும். ஏஆர் டாட் ஜேஎஸ்னு 2017ல ஜெரோம் எத்தியென் வெளியிட்ட இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பிரௌசர்லயே ஓடும், சாதா போன் போதும். பக்கத்த உருவாக்க கொஞ்சம் கோடிங் தெரிஞ்ச காலேஜ் புள்ளை யாராவது ஒருத்தர் கூட உக்காந்தா நல்லது. நீங்க கவனிக்க வேண்டியது ஜெராக்ஸ் கடைலதான். சாதா பேப்பர்ல அடிங்க, லேமினேட் பண்ணாதீங்க, டியூப்லைட் வெளிச்சம் பட்டு பளபளத்தா கேமராவுக்கு கண்ணு கட்டிடும். கருப்பு பார்டருக்கு வெளிய இருக்கற வெள்ளைய ஒட்ட வெட்டிடாதீங்க, அது இருந்தாதான் சதுரம் தெரியும். விரல் பார்டர் மேல பட்டாலும் உருவம் மறைஞ்சுடும், அதனால அட்டைல ஒட்டி கீழ ஒரு காம்பு வெச்சுக் குடுங்க.

பாடபுக்குல இருக்கற க்யூஆர் கோட் வேற, அது வீடியோவுக்கோ விளையாட்டுக்கோ கூட்டிட்டுப் போகும். 2018லேர்ந்து வந்த புது புக்குல எல்லாம் இருக்கு, நல்லதுதான், ஆனா அது ஏஆர் ஆயிடாது.

அளவைக்கு ஐபோன்ல மெஷர்னு ஆப் கூடவே வருது. சாண், காலடி, டேப்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு கடைசில இத ஓட்டி, டேப்புக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம் வருதுன்னு எழுத வெக்கலாம். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

எதுக்கு எடுக்கவே கூடாது

கூட்டல் கழித்தல் கணக்கு காத்துல மெதக்கற ஆப் நெறைய இருக்கு, பலூன தொட்டா பதில் வெடிக்கும், டைனோசர் வந்து வாய்ப்பாடு சொல்லும். தயவுசெஞ்சு வேணாம். புள்ளை டைனோசரத்தான் பாக்கும். பின்னத்துக்கு பேப்பர மடிக்கறத விட நல்ல வழி இல்ல, மணி பாக்க சுவத்துல ஒரு கடிகாரம் போதும், காசு கணக்குக்கு சில்லறை. கையால முடியறத போனுக்குக் குடுத்தா கை சோம்பேறி ஆயிடும், இந்த வயசுல அது பெரிய நஷ்டம்.

முப்பத்தஞ்சு புள்ளை, ஒரு போன்

அஞ்சு பேர் ஒரு குழு. போன் புடிக்க ஒருத்தர், பக்கத்துல கை புடிச்சு நடத்த ஒருத்தர், எண்ண ஒருத்தர், எழுத ஒருத்தர், சரியான்னு பகடைய வெச்சு பாக்க ஒருத்தர். அந்த கை புடிக்கற ஆள் ரொம்ப முக்கியம், ஏஆர் பாக்கற புள்ளைக்கு பின்னாடி பெஞ்சு இருக்கறதே தெரியாது, பின்னாலயே போய் முட்டிக்கும். கோலத்த சுத்தி நாலு அடி காலியா வெச்சுக்கங்க, வாசல்ல, ரோட்டோரம் நடத்தவே நடத்தாதீங்க. மத்த குழு எல்லாம் அந்த நேரத்துல அட்டை வெட்டட்டும், வரையட்டும், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதடவ மாத்துங்க, நடுவுல போன ஆறவும் விடுங்க. எண்ணும் எழுத்தும்ல புள்ளைங்க தேறின அளவ வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கறோம்ல, ஏஆருக்கு மட்டும் அப்படிப் பிரிக்காம கலந்து போடுங்க. எழுத கஷ்டப்படற புள்ளை சுத்தி நடந்து மொதல்ல கண்டுபுடிச்சு சொல்லும், அந்த சந்தோஷம் அதுக்கு அடிக்கடி கெடைக்கறதில்ல.

போன்ல சிம்ம கழட்டிடுங்க, இல்ல டூ நாட் டிஸ்டர்ப் போட்டுடுங்க. ஆப் பின்னிங் போட்டா பசங்க வேற ஆப்புக்குள்ள போக முடியாது. ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணா பின்னாடி இருக்கற புள்ளைங்க மூஞ்சியும் சேந்து பதிவாகும்ங்கறத மறக்காதீங்க. ஸ்டேட்டஸ்ல போட்றதுக்காக எடுக்காதீங்க. 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டம் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது. எச்எம் கிட்டயும் பெத்தவங்க கிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடுங்க. நம்ம பக்கம் அம்மாங்களுக்கு ஏற்கனவே பயம், வீட்ல புள்ளை போன விட மாட்டேங்குது, இதுல டியூஷன்லயும் போனான்னு. ஒருநாள் அவங்களையே வரவெச்சு கனச்சதுரத்த சுத்தி நடக்க விடுங்க. ஒரு புள்ளைக்கு பத்து நிமிஷத்துக்குள்ளதான், அதுவும் வாரத்துல ஒருநாள்னு தெளிவா சொல்லுங்க, அந்த வார்த்தைய காப்பாத்துங்க.

புரிஞ்சுச்சான்னு பாக்கறது

மறுநாள், போன் இல்லாம. போர்டுல அதே கனச்சதுரம் வரைஞ்சு, தெரியாத முகம் எத்தன, எங்கங்க இருக்குன்னு கேளுங்க. மறைஞ்ச விளிம்ப புள்ளிக் கோடா நோட்டுல போடச் சொல்லுங்க. போட்டுடுச்சுன்னா அந்தப் புள்ளை போன மனசுக்குள்ளயே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. தடுமாறிச்சுன்னா திரும்ப போனுக்குப் போகாதீங்க, பகடைக்குப் போங்க.

கடைசியா ஒண்ணு. ஆப்ப நம்பி பாடம் எழுதாதீங்க. கூகுளோட மெஷர் ஆப் 2021ல நின்னுபோச்சு, ஏஆர் செய்யறதுக்கு பேஸ்புக் கம்பெனி குடுத்த மெட்டா ஸ்பார்க்க 2025 ஜனவரில மூடிட்டாங்க, அதுல செஞ்சு வெச்சவங்க உழைப்பெல்லாம் அதோட போச்சு. அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்க. எந்த உருவம், முன்னாடி என்ன கேள்வி கேட்டீங்க, பசங்க என்ன எழுதினாங்க, எந்தப் பொருள கைல குடுத்தீங்க, மறுநாள் எத்தன பேர் புள்ளிக் கோடு போட்டாங்க, இத தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு வேற ஆப் வந்தாலும் அதே நோட்ட வெச்சு அதே பாடத்த நடத்தலாம், பக்கத்து தெரு டீச்சர் கேட்டா அப்படியே ஜெராக்ஸ் எடுத்தும் குடுக்கலாம்.